நம்பாத பெட்டியில் வைத்த பொருள்

எங்கள் காருக்குள் ஒரு மூளை இருக்கிறது என்று மாடி அறைத் தம்பி சொன்ன அன்றே எனக்கு அவர் மேல் சந்தேகம் வந்துவிட்டது. அதுவரைக்கும் குறை ஒன்றும் இல்லை. கோயம்புத்தூர்ப் பக்கத்துப் பிள்ளை. கம்ப்யூட்டர் வேலைக்காகக் கொல்கத்தா வந்து, லேக் கார்டன்ஸில் நாங்கள் குடியிருக்கும் வீட்டின் மேல்மாடி அறையைப் பிடித்திருந்தார். காலையில் எங்களிடம்தான் இட்லி. சாப்பிட்ட தட்டைக் கழுவிக் கொண்டுவந்து வைப்பார். யோசித்துப் பார்த்தால் அதுவும் எனக்குக் கொஞ்சம் உறுத்தத்தான் செய்தது. இந்தக் காலத்தில் எந்தப் பிள்ளை தட்டைக் கழுவுகிறது?

வீட்டில் நானும் என் மகளும்தான். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். கல்யாணமாகித் திருநெல்வேலியிலிருந்து இங்கே வந்து இத்தனை காலமாகியும் வெளி ஆட்கள் முன்னால் எனக்குப் பேச்சு எழும்பாது. கேட்க வேண்டியதை மகளிடம் சொல்லி மகள் மூலமாகத்தான் கேட்பேன். அவள் அப்படி இல்லை. அவள் அப்பா போன பிறகு தைரியமாக டிபன் வியாபாரம் ஆரம்பித்தாள். இட்லி, பொங்கல், சாம்பார், எலுமிச்சை சாதம். நான் அடுப்படி, அவள் வெளிவேலை. யாரோ ஓட்டிப் பழகிய ஒரு சின்னக் காரை வாங்கி, பின் சீட்டைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் பாத்திரங்களை ஏற்றிக்கொண்டு போவாள்.

அந்தக் கார் பாலத்தில் ஏறும்போது மூச்சு வாங்க ஆரம்பித்ததுதான் எல்லாவற்றுக்கும் தொடக்கம். சாம்பார் அண்டா உள்ளே இருந்தால் பாதிப் பாலத்தில் இருமி இருமி நிற்கும். பின்னால் வருகிற பஸ்காரன் வைகிற வங்காளி வசவெல்லாம் என் மகள் வாங்கிக் கட்டிக்கொள்வாள். தெருமுனை மெக்கானிக் பிளக்கை மாற்றினார், பில்டரை மாற்றினார். கடைசியில், "தீதி, வயசான வண்டி" என்று சொல்லிக் கையைத் துடைத்துக்கொண்டார்.

அந்த நேரம் பார்த்துத்தான் பாலிகஞ்சில் ஒரு ஆபீசில் எல்லோருக்கும் காலை டிபன் கொடுக்கிற ஆர்டர் கிடைத்தது. திங்கட்கிழமை தொடக்கம். அதற்கு முன்னால் கொடுத்துக்கொண்டிருந்த ஆள் இரண்டு நாள் தாமதமாக வந்தார் என்று நிறுத்திவிட்டார்களாம். முதல் நாளே நீங்களும் தாமதித்தால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வோம் என்று அந்த ஆபீஸ்காரர் என் மகளின் முகத்துக்கு நேராகச் சொல்லியிருந்தார். கார் பாலம் ஏறினால்தான் எங்களுக்கு அந்தப் பிழைப்பு.

இதைக் கேட்டுவிட்டுத்தான் தம்பி மூளைக் கதையைச் சொன்னார்.

"அக்கா, இது பிளக் பிரச்சினை இல்லீங்க. எவ்வளவு பெட்ரோல் விடணும், எப்பப் பத்தவைக்கணும்னு எஞ்சினுக்குச் சொல்றதே உள்ள இருக்கற ஒரு சின்னக் கம்ப்யூட்டர்தானுங்க. அதுல இருக்கற கணக்கைக் கொஞ்சம் மாத்துனா லோடோட பாலத்துல இழுக்கும்."

"நீ மெக்கானிக்காப்பா?" என்றாள் மகள்.

"இல்லீங்க்கா. ஊர்ல என் வண்டி, எங்க மாமா வண்டி எல்லாம் நானேதான் பண்ணுனேன்."

மாமா வண்டி இப்போது ஓடுகிறதா என்று கேட்க நினைத்தேன். வாய் வரவில்லை. மகள் சரி என்றுவிட்டாள்.

சனிக்கிழமை காலை அவர் லேப்டாப்பும் கையுமாக வந்தார். எங்கள் சமையலறை ஜன்னலுக்கு நேர் வெளியேதான் கார் நிற்கும். ஜன்னல் கம்பி வழியாக ஒரு ஒயரை உள்ளே விட்டு, என் கிரைண்டர் செருகுகிற பிளக்கில் செருகச் சொன்னார். பேட்டரிக்கு சார்ஜ் குறையக்கூடாதாம். ஸ்டீயரிங்குக்கு அடியில் குனிந்து ஒரு கேபிளை மாட்டி, மறுமுனையை லேப்டாப்பில் மாட்டினார். நான் கொத்தமல்லிக் கட்டை எடுத்துக்கொண்டு ஜன்னலோரம் ஆய உட்கார்ந்தேன். ஒரு கட்டுக் கொத்தமல்லியை அன்று போல் நிதானமாக நான் ஆய்ந்ததே இல்லை.

லேப்டாப் திரைக்குள் இன்னொரு சின்னத் திரை இருந்தது. அதில் பச்சை மேடும் நீல வானமுமாக ஒரு படம். அந்தப் படத்தை எனக்குத் தெரியும். என் வீட்டுக்காரரின் பென்ஷன் விஷயமாக ரயில்வே ஆபீசுக்கு அலைந்த காலத்தில் ஒவ்வொரு மேஜையிலும் அதே மேட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். இப்போது எங்கேயும் காணோம். ஒழிந்துபோன ஒன்று இந்தப் பிள்ளையின் புத்தம்புது லேப்டாப்புக்குள் என்ன செய்கிறது? மூலையில் தேதியைப் பார்த்தேன். எண் படிக்க எனக்கு வரும். பல வருஷம் பின்னால் இருந்தது.

மகளை அடுப்பு ஓரமாக இழுத்தேன். "ஏட்டி, அந்தத் தம்பி என்ன செய்யுது? பெட்டிக்குள்ள இன்னொரு பெட்டி வச்சிருக்கு."

"அது விர்ச்சுவல் மெஷினும்மா. கம்ப்யூட்டருக்குள்ளயே இன்னொரு கம்ப்யூட்டர். நெசத்துல கிடையாது, ஆனா நெசம் மாதிரியே வேலை செய்யும்."

"நெசத்துல இல்லாதது எப்படிட்டி காரைத் தொடும்?"

"துர்!" என்று வங்காளியில் சலித்துக்கொண்டாள். "எங்கிட்ட ஏன் கேக்க? நீயே போய்க் கேளு."

ஒரு காபியைக் கலந்து எடுத்துக்கொண்டு நானே வெளியே போனேன். தெருவில் போகிற வருகிறவர்கள் பார்ப்பார்களே என்று முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டேன். காபியை டேஷ்போர்டின் மேல் வைத்த பிறகும் நகரவில்லை.

"இதுல தேதி தப்பா இருக்கே, தம்பி."

அவர் நிமிர்ந்து பார்த்தார். நான் அவரிடம் நேராகப் பேசியது அதுதான் முதல் தடவை.

"கண்ணு நல்லாத் தெரியுதுங்களே! அது வேணும்னே வச்சதுங்க்மா. எஞ்சின் கணக்கை மாத்தற இந்த புரோகிராம் ரொம்பப் பழசு. இன்னைக்குத் தேதியைப் பார்த்துச்சுன்னா ஓடாது."

"அப்ப அதுகிட்டப் பொய் சொல்லுதீய."

"அப்படித்தான் வச்சுக்கோங்களேன்."

"அதுக்கு எதுக்கு உள்ளுக்குள்ள ஒரு பெட்டி?"

"பழைய கம்ப்யூட்டர்லதானுங்க ஓடும். அதுக்காக லேப்டாப்புக்குள்ளயே ஒரு பழைய கம்ப்யூட்டரை உண்டாக்கியிருக்கேன். இன்னொண்ணு, இதை இன்டர்நெட்ல யாரோ முகம் தெரியாத ஒருத்தன்கிட்ட இருந்து எடுத்தனுங்க. கூட என்னத்தைச் சேர்த்து வச்சிருக்கான்னு யாருக்குத் தெரியும்? அதான் தனி ரூம் கட்டி, அதுக்குள்ள விட்டுப் பூட்டிட்டேன். நெட் கெடையாது. லேப்டாப்புல இருக்கற எதையும் அதால தொட முடியாது."

"உங்களுக்கே அது பேர்ல நம்பிக்கை இல்ல."

"சுத்தமா இல்லீங்க்மா."

"உங்க லேப்டாப்பைத் தொட விட மாட்டீய. எங்க காரை மட்டும் தொட விடுதீய."

அவர் காபியை எடுக்கப் போன கையை அப்படியே வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். பிறகு சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"ஒண்ணும் ஆகாதுங்க்மா. இந்த ரூம் எப்படி இருக்குதோ அப்படியே ஒரு போட்டோ புடிச்ச மாதிரி காலையிலயே எடுத்து வச்சுட்டேன். ஏதாச்சும் ஏடாகூடம் ஆச்சுன்னா ஒரே அமுக்கு. அந்த நிமிஷத்துக்கே திரும்பிப் போயிரலாம்."

திரும்பிப் போகிற வழி அவ்வளவு சுலபம் என்று யார் சொன்னாலும் நான் நம்புகிறதில்லை. எங்கள் ஊரில் கொலுசை மெருகு போட ஆசாரியிடம் கொடுத்தால் ஒற்றைக் கொலுசைத்தான் கொடுப்போம். அது திரும்பி வந்து, கையில் இருக்கிற மற்றதோடு சேர்த்து வைத்துப் பார்த்த பிறகுதான் இரண்டாவது போகும். ஆசாரி கோபித்துக்கொள்ள மாட்டார். அவருக்கும் அது பழக்கம்.

"எங்க காரோட பழைய கணக்கு எங்க இருக்கு?"

"இப்பத்தானுங்க கார்ல இருந்து படிச்சு எடுத்தேன். உள்ளதான் இருக்கு."

"அந்தப் பூட்டுன ரூமுக்குள்ளயா?"

"ஆமாங்க."

"நம்பாத எடத்துல எங்க பொருளை வைக்காதீய, தம்பி. ஒண்ணை என் கையில குடுங்க."

ஜன்னலுக்கு உள்ளிருந்து என் மகள் தலையில் அடித்துக்கொள்வது தெரிந்தது. தம்பி பையிலிருந்து நகம் அளவுக்கு ஒரு பென் டிரைவை எடுத்து, செருகி, ஏதோ தட்டி, உருவி என் கையில் கொடுத்தார். "போதுங்களா?" நான் அதைக் கொண்டுபோய்ப் பெருங்காய டப்பாவுக்குள் போட்டு மூடினேன்.

மூடிய பிறகுதான் அடுத்த சந்தேகம் வந்தது. இவ்வளவு சீக்கிரம் கொடுத்துவிட்டாரே? கிழவியைச் சமாதானப்படுத்த வெறும் பென் டிரைவைக் கொடுத்திருந்தால்?

சாயங்காலம் கறிவேப்பிலையும் வாழை இலையும் வாங்க லேக் மார்க்கெட் போகும்போது டப்பாவிலிருந்து அதை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டேன். மார்க்கெட் பக்கத்தில் ஜெராக்ஸ் கடை ஒன்று உண்டு. வெளியே கூட்டம் கரைகிற வரைக்கும் தேங்காய்க்காரரிடம் நின்று ஒவ்வொரு தேங்காயாக ஆட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு கடைப் பெண்ணிடம் என் அரைகுறை வங்காளியில், இதற்குள் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டேன். அவள் செருகிப் பார்த்தாள்.

"ஆச்சே, மாசிமா. ஏக்டா ஃபைல். கிந்து குல்ச்சே நா."

இருக்கிறது, ஒன்று, ஆனால் திறக்கவில்லை. வெறுமையாக இருந்தாலாவது சண்டை போட்டிருப்பேன். இருக்கிறது, திறக்கவில்லை என்றால் அதை நான் என்ன செய்வது? பெருங்காய டப்பாவுக்கே திரும்பக் கொண்டுபோனேன். யாரிடமும் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்கு முன்னால் தம்பி புதுக் கணக்கைக் காருக்குள் ஏற்றினார். என் மகள் பாத்திரங்களில் தண்ணீரை நிரப்பி ஏற்றிக்கொண்டு ஒரு சுற்றுப் போய்விட்டு வந்தாள். முகமெல்லாம் பல். "யம்மா, பாலத்துல பறக்குது! இருமவே இல்ல!" எனக்கும் சந்தோஷம்தான். இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் இருமல் இல்லாத அந்தக் காரின் சத்தத்தை, வீட்டுக்குள் வந்த அன்னியரின் காலடியைக் கேட்கிற மாதிரிதான் கேட்டேன்.

அதோடு விட்டிருக்கலாம். தம்பி விடவில்லை. "அக்கா, ஸ்டார்ட் பண்ணி நிக்கறப்ப லேசா ஒரு நடுக்கம் இருக்குதுங்க. அதையும் சரி பண்ணிர்றேன். ரெண்டே நிமிஷம், சார்ஜ்கூட வேண்டாம்."

சாப்பாடு முடிந்து, மறுநாள் மாவுக்காக ஊற வைத்த உளுந்தை நான் கிரைண்டரில் போட்டபோது வெளியே சத்தமே இல்லை. எட்டிப் பார்த்தேன். தம்பி திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். உள்திரையில் ஏதோ பாதியில் நின்றிருந்தது. பச்சை மேடு அசையாமல் கிடந்தது. எந்தப் பொத்தானை அமுக்கியும் ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் அவர் அந்த ஒரே அமுக்கை அமுக்கினார்.

பெட்டி சனிக்கிழமை காலைக்குத் திரும்பிப் போனது. எல்லாம் புதிதாக, ஒன்றுமே நடக்காத மாதிரி. என் மகள் காருக்குள் உட்கார்ந்து சாவியைத் திருப்பினாள். கார் கிளம்பவில்லை. மறுபடி திருப்பினாள். விளக்குகள் எரிந்தன, எஞ்சின் வாயே திறக்கவில்லை.

தம்பி எதையோ தேடினார். முதலில் வேகமாக, பிறகு மெதுவாக. மகள் கேட்டாள், "என்னப்பா?"

"அந்தப் பழைய ஃபைலைக் காணோமுங்க்கா."

"காணோம்னா?"

"போட்டோ எடுத்தது, கார்ல இருந்து படிக்கறதுக்கு முன்னாடிங்க. அதுக்குத் திரும்பிப் போனதால, அதுக்கப்புறம் உள்ள வச்சது எல்லாம் போயிருச்சு. பழைய கணக்கும் போச்சு, காலையில ஏத்துன புதுக் கணக்கும் போச்சு. ரூம்தான் பின்னாடி போச்சுங்க. கார் போகலை. கார்ல இப்ப பாதி எழுதுன கணக்கு இருக்குது."

என் மகள் ஸ்டீயரிங்கின் மேல் தலையைச் சாய்த்துக்கொண்டாள். அழவில்லை. "நாளைக்குக் காலையில" என்று மட்டும் சொன்னாள்.

தம்பி சமையலறை வாசலுக்கு வந்தார். முகத்தில் ரத்தமே இல்லை. "அம்மா, அந்தப் பென் டிரைவ்..."

கை டப்பாவிடம் போனது. ஆனால் மூடியைத் திறக்கவில்லை. என் புத்தி எப்படிப் போனது என்று அப்படியே எழுதுகிறேன். கார் செத்துக் கிடக்கிறது. எங்களிடம் மிச்சம் இருப்பது இது ஒன்று. அதைக் கேட்டு இப்போது வந்து நிற்கிறார். இதையும் கொண்டுபோய் அந்தப் பூட்டிய அறைக்குள் விட்டால், நாளைக்குக் கேட்க என் கையில் என்ன இருக்கும்?

"தர மாட்டேன்" என்றேன்.

"யம்மா!" மகள் பின்னாலேயே வந்துவிட்டாள். "என்ன விளையாடுத? குடு!"

"இதுல இருக்கதை முதல்ல வேற ஒண்ணுல எடுத்து வைக்கட்டும். என் கண்ணு முன்னால. பெறகுதான் இது உள்ள போகும். உள்ள போயிட்டுத் திரும்பலைன்னா?"

"தம்பி என்ன திருடனா?"

"நான் அப்படிச் சொல்லலட்டி. இதுக்குள்ள ஒண்ணு இருக்குன்னு கடையில பார்த்தாச்சு. திறக்க முடியலைன்னுதான் சொன்னா."

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

"எந்தக் கடையிலங்க்மா?"

"லேக் மார்க்கெட்ல. ஜெராக்ஸ் கடை."

தம்பி இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டார். "ஜெராக்ஸ் கடைக் கம்ப்யூட்டர்லயா செருகுனீங்க? ஊரு வைரஸ் பூரா அங்கதானுங்க இருக்கும்! நான் குடுத்தது வெறும் டிரைவ்னு நெனச்சுட்டீங்களா?"

தரையைப் பார்த்தேன். கிரைண்டர் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது.

"இதை இப்ப நேரா என் லேப்டாப்புல போட மாட்டேனுங்க. எனக்கு பயமா இருக்குது" என்றார் தம்பி.

"போடாதீய" என்றேன். "என்னையும் நம்பாதீய. அதுதான் சரி."

என் மகள் அந்த நேரத்திலும் சிரித்துவிட்டாள். "ரெண்டு பேரும் நல்லாத்தான் சேர்ந்தீங்க! ஒருத்தரை ஒருத்தர் போலீஸ் மாதிரி பார்த்துக்கிட்டு நில்லுங்க. நாளைக்கு இட்லியை நான் தலையில சொமந்துகிட்டுப் போறேன்."

தம்பி சமையலறைத் தரையிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்தார். என் பென் டிரைவுக்கென்று லேப்டாப்புக்குள் புதிதாக இன்னொரு அறையை உண்டாக்கினார். அதற்கும் நெட் கிடையாது. இதற்குள் அதைத் திறந்து பார்க்கிறேன், நோய் ஒன்றும் ஒட்டிக்கொண்டு வரவில்லை என்றால்தான் வெளியே எடுப்பேன் என்றார். நான் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து பார்த்தேன். என் பொருளை ஒருவர் இவ்வளவு சந்தேகத்தோடு தொடுவதைப் பார்க்க எனக்கு மனசு நிறைந்தது. இதுதான் முறை.

ஒட்டிக்கொண்டு வந்திருந்தது. எங்கள் கணக்கோடு இன்னும் ஏதோ இரண்டு கழிசடை இருந்ததாம். எங்களுடையதை மட்டும் தனியாகப் பிரித்து, புதுப் பென் டிரைவில் ஒன்று, லேப்டாப்பில் ஒன்று, மகளின் போனில் ஒன்று என்று எடுத்து வைத்தார். நான் கேட்காமலே மூன்று.

"இது கெடாம இருக்குன்னு எப்படித் தெரியும்?" என்றேன்.

"புரோகிராமே கூட்டிப் பார்க்குமுங்க. ஒரு எழுத்து மாறியிருந்தாலும் கூட்டுத்தொகை ஒத்து வராது. ஏத்த விடாது."

அது ஒத்து வந்தது. ஏற்றுவதற்கு முன்னால் தம்பி என்னைப் பார்த்தார். "அம்மா, இந்தத் தடவை பேட்டரிக்கு சார்ஜ் கண்டிப்பா வேணும். அந்த பிளக்..."

என் கிரைண்டர் அதில்தான் ஓடிக்கொண்டிருந்தது. அந்தச் சமையலறையில் வேறு பிளக் எதுவும் அந்த பாரத்தைத் தாங்காது. பாதி அரைபட்ட உளுந்தை நிறுத்தி வைத்தால் மாவு சரியாகப் பொங்காது என்று எனக்குத் தெரியும். கார் இல்லாமல் மாவு பொங்கி என்ன ஆகப் போகிறது? நிறுத்தினேன். மாவின் மேல் கொஞ்சம் ஐஸ் தண்ணீர் தெளித்து மூடினேன். ஒயரைச் செருகினேன்.

இந்தத் தடவை ஜன்னலோடு நிற்கவில்லை. வெளியே போய்க் கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். திரையில் ஒரு நீலக் கோடு எறும்பு போல நகர்ந்தது. தம்பி மூச்சு விடுகிற சத்தம் கேட்டது. கோடு மறுகரையைத் தொட்டதும் அவர் கையைக் காட்ட, மகள் சாவியைத் திருப்பினாள்.

கார் இருமியது. இருமிக்கொண்டே ஓடியது. எங்கள் காரேதான்.

"பறக்கற கணக்கை மறுபடியும் போட்டு ஏத்தட்டுமாங்க்கா?" என்று தம்பி மெதுவாகக் கேட்டார். மகள் திரும்பி என்னைப் பார்த்தாள். "இப்ப வேண்டாம்" என்றேன். "திங்கக்கெழமை முடியட்டும்."

ஆனால் இருமுகிற கார் அண்டாவோடு பாலம் ஏறாதே. அதற்குத் தம்பியே வழி சொன்னார். மறுநாள் விடிந்ததும் சாம்பார் அண்டாவைத் துண்டால் சுற்றி ஒரு ஆட்டோவில் ஏற்றி, தானும் ஏறி, அதை இரண்டு காலுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டார். ஆட்டோக்காரர், "இது சிந்தினால் வண்டி முழுக்க உங்கள் மெட்ராஸ் வாசனைதான்" என்று வங்காளியில் திட்டிக்கொண்டே கிளப்பினார். இட்லியை மட்டும் ஏற்றிக்கொண்டு மகள் காரில் முன்னால் போனாள். இட்லி அன்றைக்கு வழக்கமான பூவாக வரவில்லை. மோசமும் இல்லை.

நான் அடுப்பை அணைத்துவிட்டுப் போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பாலத்தையும் நம்பவில்லை, ஆட்டோவையும் நம்பவில்லை. கடைசியில் போன் அடித்தது. "நேரத்துக்குப் போயாச்சும்மா. சாப்பிட ஆரம்பிச்சுட்டாங்க. நாளைக்கும் வரச் சொல்லிட்டாங்க." பின்னால் தம்பியின் குரல், "அம்மாகிட்டச் சொல்லுங்க்கா, சாம்பார் சிந்தலைன்னு" என்று.

அந்த வாரம் முழுக்க சாம்பார் ஆட்டோவில்தான் போனது. அடுத்த சனிக்கிழமை தம்பி லேப்டாப்போடு வந்து ஜன்னலுக்கு வெளியே நின்றார். உள்ளே வரவில்லை.

"அம்மா, ஒரு தடவை முயற்சி பண்ணிப் பார்க்கலாமுங்களா? பழைய கணக்கு மூணு எடத்துல இருக்குது. போட்டோவையும் இந்தத் தடவை எல்லாம் படிச்ச பொறவுதான் எடுப்பேன்."

"தம்பி, உங்க மாமா வண்டி இப்ப ஓடுதா?"

அவர் கொஞ்சம் யோசித்தார். "நல்லாத்தானுங்க ஓடுச்சு. மாமாதான் வித்துட்டாரு."

"எதுக்கு வித்தாரு?"

"அதை நான் கேக்கலைங்க்மா."

"போன் போட்டுக் கேளுங்க" என்றேன். அவர் சிரித்துக்கொண்டே போனை எடுத்தார். நான் கிரைண்டரின் ஒயரைப் பிடுங்கிவிட்டு, அடுப்படி முக்காலியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தேன். தெருவில் ஆட்கள் போய்க்கொண்டுதான் இருந்தார்கள். திரை நன்றாகத் தெரிகிற இடமாகப் பார்த்து, கார்க் கதவுக்கு நேரே முக்காலியைப் போட்டு உட்கார்ந்தேன்.